முக்கிம் என்பது இடமா, ஆளா?

ஜோகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில் நான்கு முக்கிம்கள் உள்ளன: கூலாய், சினாய், செடெனாக், புக்கிட் பத்து. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஜோகூர் பாருவிலிருந்து வடக்கே போகிறவர்கள் கூலாயைத் தாண்டியதும் செடெனாக் என்ற பலகையைப் பார்த்திருப்பார்கள். ஒரு காலத்தில் கித்தாக் காடு, பிறகு செம்பனை, இப்போது தரவு மையங்கள் எனத் தரையின் முகம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மாறாதிருப்பது அதன் பெயருக்கு முன்னால் நிற்கும் முக்கிம் என்ற சொல். நிலவரி ரசீதிலும் கிராண்டிலும் நில ஆர்ஜித அறிவிப்பிலும் அது வருகிறது. தலைமுறைகளாக அங்கே வாழும் தமிழர்களிடம் அதற்குப் பொருள் கேட்டால், ‘மாவட்டத்துக்குக் கீழே வருவது’ என்பார்கள். அந்த விடை தவறில்லை. ஆனால் அது சொல்லின் தரத்தைக் காட்டுகிறதே தவிர வரலாற்றைக் காட்டுவதில்லை.

முக்கிம் என்பது அரபுச் சொல். ‘முகீம்’ என்ற அந்த மூலச் சொல்லுக்கு நிலம் என்றோ எல்லை என்றோ பொருள் இல்லை. தங்கியிருப்பவர், குடியிருப்பவர் என்பதே பொருள். நிற்றல், நிலைத்தல் என்ற கருத்துடைய காஃப்-வாவ்-மீம் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து அது பிறக்கிறது. இந்த வேரின் வேறு பிள்ளைகள் தமிழருக்குப் பழக்கமானவர்களே. சவூதியில் வேலை செய்து வந்தவர் ‘இக்காமா புதுப்பிக்க வேண்டும்’ என்று பேசக் கேட்டிருப்போம். அந்த இக்காமா வசிக்கும் அனுமதி. தமிழ்நாட்டில் ‘கலெக்டர் முகாம் போட்டிருக்கிறார்’ என்கிறோம். அரபியில் தங்குமிடத்தைக் குறித்த சொல் உருது வழியாக வந்து நம்மிடம் முகாம் ஆனது. இக்காமா, முகாம், முக்கிம் மூன்றும் ஒரே வேரின் கிளைகள். ஒன்று வளைகுடாவுக்குப் போன தொழிலாளியின் சட்டைப்பையிலும், இன்னொன்று தாலுகா அலுவலகத்து அறிவிப்பிலும், மற்றொன்று மலாயாவின் நிலப் பதிவேட்டிலும் போய்ச் சேர்ந்தன.

குடியிருப்பவரைக் குறித்த சொல் நிலப்பகுதியின் பெயரானது எப்படி? ஆய்வாளர்களிடையே வேரூன்றிய விளக்கம் சுமத்ராவின் வடமுனையில் உள்ள அச்சே நாட்டிலிருந்து வருகிறது. டச்சு அறிஞர் ஸ்நூக் ஹர்க்ரோன்யே அச்சே மக்களைப் பற்றி 1893, 1894 ஆண்டுகளில் வெளியிட்ட பெருநூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை செல்லுபடியாக, அங்கேயே குடியிருக்கும் ஆண்கள் குறைந்தது 40 பேர் கூட வேண்டும் என்பது ஷாஃபி சட்டப் பள்ளியின் விதி. வழிப்போக்கர்களால் அந்தக் கணக்கு நிறையாது. அச்சேயின் சிற்றூர் ஒன்றில் அத்தனை ஆண்கள் தேறாதபோது, பக்கத்துச் சிற்றூர்கள் சில சேர்ந்து ஒரு ஜும்ஆ பள்ளிவாசலை வைத்துக்கொண்டன. அந்தப் பள்ளிவாசலுக்கு உரியவர்களை முக்கிம் என்றார்கள். நாளடைவில் அவர்கள் வாழ்ந்த சிற்றூர்க் கூட்டத்துக்கே அது பெயராயிற்று. அதன் தலைவர் இமாம் முக்கிம். அந்தப் பட்டத்தில் இன்றும் பள்ளிவாசலின் மணம் இருக்கிறது.

இதைத் தமிழ் முஸ்லிம்கள் எளிதில் உணர்வார்கள். காயல்பட்டினமும் கீழக்கரையும் ஷாஃபி வழியைப் பின்பற்றும் ஊர்கள். ஹனஃபி வழியினரான ராவுத்தர்களுக்கு ஜும்ஆவுக்கு வேண்டிய எண்ணிக்கை இதைவிடச் சிறியது. கிழக்குக் கடற்கரைத் தமிழ் வணிகரும் மலாய் உலகமும் ஒரே சட்டப் பள்ளியைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதை, முக்கிமின் கதையைச் சொல்லும்போது விட்டுவிடக் கூடாது. சுமத்ராவுக்கும் தமிழுக்கும் உள்ள உறவு இஸ்லாத்துக்கும் முந்தியது. அந்தத் தீவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

முக்கிம் முறையைச் சுல்தான் இஸ்கந்தர் மூடாவின் (1607–1636) பெயரோடு சேர்த்துச் சொல்வது அச்சே மரபு. அச்சே பெசார் பகுதி மூன்று ‘சாகி’களாகப் பிரிந்திருந்தது. அவற்றின் பெயர்களே எண்கள்: 22 முக்கிம், 25 முக்கிம், 26 முக்கிம். பிற்காலத்தில் முக்கிம்களின் எண்ணிக்கை மாறியபோதும் பெயரில் இருந்த எண் மாறவில்லை. இந்தோனேசியாவின் 1979ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதும் ஒரே அச்சில் கிராம நிர்வாகத்தை வார்த்தபோது, முக்கிம் சட்டத்தின் கண்ணிலிருந்து மறைந்தது. ஆனால் மக்களிடம் அது இருந்துகொண்டே இருந்தது. 2003இல் அச்சேயின் சொந்தச் சட்டமும், 2006இல் அச்சே ஆட்சிச் சட்டமும் அதை மீண்டும் ஏற்றுக்கொண்டன.

வேறொரு கருத்தும் உண்டு. தங்குமிடம் என்ற பொருள் கொண்ட ‘மகாம்’ என்பதுதான் மூலம், ஆளைக் குறித்த ‘முகீம்’ அல்ல என்பது அது. இடத்தின் பெயர் இடத்தைக் குறித்த சொல்லிலிருந்து வருவது இயல்புதானே என்று தோன்றும். எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. மலாய் மொழியே இதற்கு மறுப்புச் சொல்கிறது. இன்றைய மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் ‘பெர்முக்கிம்’ என்றால் குடியிருத்தல். நிலப்பகுதி என்ற பொருள் மட்டுமே மூலத்தில் இருந்திருந்தால் இந்த வினை இப்படி உருவாகியிருக்காது. ‘மகாம்’ என்ற சொல்லோ, பெரியவர்களின் அடக்கத்தலம் என்ற பொருளில் மலாயில் தனியாகவே வாழ்கிறது. இரண்டும் தனித்தனி வழிகளில் வந்து சேர்ந்த சொற்கள்.

மலாய்த் தீபகற்பத்தில் முக்கிமின் பயணம் வேறு திசையில் சென்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷார் நிலவரி நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தியபோது, அவர்களுக்கு மாவட்டத்துக்குக் கீழே ஓர் அலகு வேண்டியிருந்தது. பள்ளிவாசல் சுற்றுவட்டாரமாக இருந்த முக்கிம் கையில் கிடைத்தது. தங்கள் நாட்டின் தேவாலய வட்டாரத்துக்கு அதை ஒப்பிட்டுப் ‘பாரிஷ்’ என்று பெயர்த்தார்கள். அந்த ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலமோ ‘அயலாராய்ப் பக்கத்தில் வாழ்தல்’ என்ற கருத்துடையது. வந்தேறியைக் குறித்த வேரையும் குடியிருப்பவரைக் குறித்த வேரையும் ஒன்றுக்கொன்று ஈடாக வைத்தார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் அதே தேவாலய வட்டாரத்தைப் ‘பங்கு’ என்கிறார்கள். பங்குத்தந்தை, பங்கு மக்கள் என்னும்போது அங்கே பேசுவது பங்கீடு.

இதற்குப் பின் முக்கிமிலிருந்து ஆள் மெல்ல நழுவினார், நிலம் உள்ளே வந்தது. கூட்டு மலாய் மாநிலங்களில் சிறு நிலங்களைப் பதிய ‘முக்கிம் பதிவேடு’ வந்தது. ஒரு முக்கிமில் எத்தனை பேர் தொழப் போனார்கள் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. எந்த லாட் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் தேவைப்பட்டது. பினாங்குத் தீவில் முக்கிம்களுக்கு எண்ணே பெயரானது. பாயான் லெப்பாஸ் பகுதி நிலப் பத்திரத்தில் ‘முக்கிம் 12’ என்றிருக்கும். சிங்கப்பூரில் கிராமங்களெல்லாம் அடுக்குமாடிகளாகிவிட்டன, முக்கிம் தலைவர்களான பெங்குலுகளும் இல்லை. ஆனாலும் அந்நாட்டு நில அளவையில் லாட் எண்ணுக்கு முன் முக்கிம் எண் இன்றும் எழுதப்படுகிறது.

பள்ளிவாசல் வட்டாரம் என்ற பழைய பொருள் என்ன ஆயிற்று? அந்த இடத்துக்கு இன்னோர் அரபுச் சொல் வந்து உட்கார்ந்தது. மலேசியாவில் பள்ளிவாசலுக்கு உரிய வட்டாரத்தை இப்போது ‘காரியா’ என்கிறார்கள், அதன் உறுப்பினர் ‘அனாக் காரியா’. அரபியில் ‘கர்யா’ என்பது ஊர். குடியிருப்பவரைக் குறித்த சொல் நிலத்துக்குப் போயிற்று, ஊரைக் குறித்த சொல் தொழுகையாளரிடம் வந்தது. சொற்கள் இப்படி இடம் மாற்றிக்கொள்வது அடிக்கடி நடப்பதில்லை.

இஸ்லாமியச் சட்ட நூல்கள் பயணி, தங்கியிருப்பவர், நிரந்தரமாகக் குடியேறியவர் என்று மூன்று பிரிவு வகுக்கின்றன. முறையே முசாஃபிர், முகீம், முஸ்தவ்தின். நுணுக்கமாகப் பார்க்கும் ஷாஃபி நூல்கள், அந்த 40 பேரும் மூன்றாம் பிரிவினராக இருக்க வேண்டும் என்கின்றன. முகீம் நிலப்பிரிவின் பெயராகிவிட, முஸ்தவ்தின் மலாயில் ‘மஸ்தவுத்தின்’ ஆகிக் குடிநுழைவுத் துறைக்குள் புகுந்தது. மலேசியாவில் நிரந்தரவாசியைக் குறிக்கும் சட்டச் சொல் ‘பெமஸ்தவுத்தின் தெத்தாப்’. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத்துத் தாத்தா பாட்டிகள் எத்தனை பேருக்கு அது ஆயுள் முழுவதும் ஒட்டிய அடையாளம்!

இங்கே செடெனாக்குக்குத் திரும்ப வேண்டும். ஏனென்றால் ஜோகூரில் நிலத்தைப் பிரித்த முதல் முறை முக்கிமும் அல்ல, பள்ளிவாசலும் அல்ல. அது ஆறு. 1844 முதல் ஜோகூர்த் தலைவர் தெமெங்கோங் இப்ராஹிம் சீனக் குடியேறிகளுக்கு ‘சூராட் சுங்கை’ என்னும் ஆற்றுப் பத்திரங்களை வழங்கினார். ஓர் ஆற்றின் கரையில் மிளகும் கம்பீரும் பயிரிடும் உரிமையைத் தந்தது அந்தப் பத்திரம். பெற்றவர் ‘காங்சூ’, ஆற்றின் தலைவர். அவரது தலைமைக் குடியிருப்பு ‘காங்கார்’. காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்று இன்றும் ஜோகூர் பாருவைச் சுற்றி அந்தப் பெயர்கள் இருக்கின்றன. சிங்கப்பூர்த் தமிழர் நாள்தோறும் சொல்லும் சுவா சூ காங், லிம் சூ காங் என்ற பெயர்களில் இருப்பதும் இதே காங்தான். முன்னால் நிற்பது குலப்பெயர். 1917இல் ஜோகூர் அரசு இந்த முறையைச் சட்டம் போட்டு முடித்துவைத்தது.

அதற்குள் வேறொரு கோடு நிலத்தின் மேல் விழுந்திருந்தது. 1909இல் கெமாஸிலிருந்து ஜோகூர் பாருவுக்கு இருப்புப்பாதை நிறைவடைந்தது. குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், செடெனாக், கூலாய் என்று ஆற்றோடு உறவில்லாத ஊர்கள் பாதையோரத்தில் தலையெடுத்தன. உள்நாட்டுக் காடு அழிந்து ரப்பர் வந்தது, ரப்பருக்குத் தமிழர்கள் வந்தார்கள். ஆற்றை வைத்து இடம் சொன்ன நாட்டில் மைல் கல்லை வைத்து இடம் சொல்வது வழக்கமானது. மலாயில் கல்லுக்கும் மைலுக்கும் ‘பத்து’ என்ற ஒரே சொல். அதனால் ‘பத்து லீமா’ என்றால் ஐந்தாவது மைல்.

தோட்டத்துக்குள்ளே நிலத்துக்கு வேறு கணக்கு இருந்தது. தோட்டம் டிவிஷன்களாகப் பிரியும். டிவிஷன் பீல்டுகளாகும். பீல்டு நிரையாகும், ஒரு தொழிலாளி சீவ வேண்டிய மரங்களின் வரிசைதான் நிரை. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். ‘நீ எந்த ஊர்?’ என்றால் தோட்டத்தின் பெயர் வரும். ‘எந்தப் பக்கம்?’ என்றால் ரெண்டாம் டிவிஷன் என்றோ மேல்லயம் என்றோ வரும். பக்கத்து மலாய்க் குடியிருப்பைக் ‘கம்பம்’ என்பார்கள், கம்போங்தான் நம் நாவில் கம்பமாயிற்று. கம்பத்துக்காரருக்குத் தலைவர் உண்டு, முக்கிமுக்குப் பெங்குலு உண்டு. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கோ எல்லாம் மானேஜர்தான். அரசின் நிலப்படத்தில் அந்தத் தோட்டம் முழுதும் ஒரு முக்கிமுக்குள் கிடந்தது. தோட்டத்து மக்களின் வாழ்க்கைக்குள் முக்கிம் வரவே இல்லை. குடியிருப்பவர் என்று பொருள்பட்ட ஒரு நிலப்பிரிவில், மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும் அதன் பெயரையே உச்சரிக்க வேண்டிய தேவை இல்லாமல் ஒரு சமூகம் வாழ்ந்திருக்கிறது.

இதைப் பத்திரத்தில் கண்ணெதிரே காணலாம். மலேசிய நிலச் சட்டம் 1965இல் இயற்றப்பட்டு 1966 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன் 11ஆம் பிரிவு, மாநிலத்தை மாவட்டங்களாகவும், மாவட்டத்தைத் துணை மாவட்டங்களாகவோ முக்கிம்களாகவோ இரண்டுமாகவோ பிரிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. நில உரிமைப் பத்திரங்களில் இரு வகை உண்டு. நகர நிலத்துக்கும் நகருக்கு வெளியே 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கும் மாநிலப் பதிவகத்தின் பத்திரம், அதில் நிரந்தர உரிமைக்குப் பெயர் ‘கிராண்ட்’. நகருக்கு வெளியே 4 ஹெக்டேருக்கு மேற்படாத நிலத்துக்கு மாவட்ட நில அலுவலகத்தின் பத்திரம், அதில் நிரந்தர உரிமைக்குப் பெயர் ‘கிராண்ட் முக்கிம்’. தோட்டம் கம்பெனிக்கு உரியது, அதற்குக் கிராண்ட். சிறுநிலக்காரரின் துண்டு நிலத்துக்குத்தான் கிராண்ட் முக்கிம். ஊரில் வேர் பிடித்த சிறு குடியானவரின் பத்திரத்தில் முக்கிம் என்ற சொல் பட்டமாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டத் தொழிலாளியிடம் இரண்டு பத்திரமும் இல்லை. அவர் வசித்த லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலை போனால் வீடும் போனது.

இந்த நிலையை மாற்ற முயன்றவர் மலாயா இந்தியர் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன். ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக் கிளம்பிய காலம் அது. 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களிடம் மாதாமாதம் சிறு தொகை சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1969இல், குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பிறந்த மண்ணிலோ, வாலிபம் முழுவதும் உழைத்த மண்ணிலோ, அவர்கள் குடியிருப்பவர்களாக எண்ணப்படவில்லை.

சொல்லின் கதை முக்கிமோடு முடிவதில்லை. அதன் மேலும் கீழும் உள்ள சொற்களைப் பார்த்தால், ஆசியாவில் நிலத்தைப் பிரித்தவர்கள் எப்படி எண்ணினார்கள் என்பது தெரியும். மலாயில் மாவட்டத்துக்கு ‘டாயெரா’. இதுவும் அரபுதான், பொருள் வட்டம். தமிழில் மாவட்டம், அதற்குக் கீழே வட்டம், அதற்கும் கீழே குறுவட்டம். பழைய மண்டலம் என்ற வடசொல்லும் வட்டமே. ஒரு நடுப்புள்ளியில் ஆட்சி இருக்கிறது, அதைச் சுற்றி நாடு விரிகிறது என்ற எண்ணம் இந்தச் சொற்களின் அடியில் கிடக்கிறது. தென்கிழக்காசிய வரலாற்றாசிரியர் ஓ.டபிள்யூ. வோல்ட்டர்ஸ் பழைய அரசுகளை விளக்க மண்டலம் என்ற கருத்தையே கையாண்டார். அவ்வரசுகளுக்கு மையம் உறுதியானது, விளிம்பு நெகிழ்வானது.

இன்னொரு வகை, பங்கு. சரவாக்கிலும் சபாவிலும் பெரிய நிர்வாகப் பகுதிக்கு ‘பஹாகியான்’ என்று பெயர். நாம் பாகம் என்கிற அதே வடசொல்லில் பிறந்தது அது. சோழர் கல்வெட்டுகளில் வரும் தஞ்சாவூர்க் கூற்றம் போன்ற பெயர்களில் உள்ள கூற்றம், கூறு என்பதிலிருந்து வந்தது. தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் வழங்கும் பிர்கா, பிரிவு என்ற பொருளுள்ள அரபுச் சொல். மூன்றும் வேறு மொழிகள், நினைப்பு ஒன்று.

மூன்றாவதாகப் பிடிப்பு. தாலுகா என்பது ‘தொடர்பு, உடைமை’ என்னும் பொருள் தரும் அரபுச் சொல்லின் வழி வந்தது. இலங்கையின் மட்டக்களப்பில் ஏறாவூர்ப்பற்று, கோறளைப்பற்று, மண்முனைப்பற்று என்று பிரதேசங்களின் பெயர்கள் முடிகின்றன. பற்று என்பதும் தாலுகா என்பதும் கருத்தால் ஒன்றே: யாரோ ஒருவரின் பிடியில் உள்ள நிலம். ஜில்லா மட்டும் தனி. அரபியில் அதன் மூலம் விலா எலும்பைக் குறித்து, அதிலிருந்து பக்கம் என்றாகி, நிலத்தின் ஒரு பக்கமானது.

சில சொற்கள் கடல் கடந்தபோது அளவு மாறின. நகரி என்ற வடசொல் மலாயில் ‘நெகிரி’ ஆகி, ஒரு மாநிலம் முழுவதையும் குறிக்கிறது. நமக்குத் தேசம் என்றால் பெரிய நாடு. மலாயில் ‘தேசா’ என்றால் கிராமம். ஒரே நாட்டுக்குள்ளும் இந்த மாற்றம் உண்டு. மலேசியாவின் பிற மாநிலங்களில் டாயெரா மாவட்டத்தைக் குறிக்க, கிளந்தானில் மாவட்டத்துக்கு ‘ஜாஜாஹான்’ என்று பெயர். டாயெரா அங்கே ஒரு படி இறங்கி நிற்கிறது. ஆகவே ஒரு சொல்லின் அகராதிப் பொருளை மட்டும் வைத்து நிர்வாகப் படியைத் தீர்மானிப்பது தவறு. அந்த வட்டாரத்தில் அது எந்தப் படியில் வழங்குகிறது என்றும் பார்க்க வேண்டும்.

வட்டம், பங்கு, பிடிப்பு ஆகிய மூன்றும் ஆள்பவரின் பார்வையிலிருந்து எழுந்த பெயர்கள். முக்கிம் அப்படியல்ல. வாழ்பவர்கள் தங்களை எண்ணிக்கொண்டதில் பிறந்தது. தமிழில் அதற்கு இணையாக நிற்கும் சொல் எது என்றால், நாடு என்பேன். இன்று நாடு என்றால் இந்தியா, மலேசியா போன்ற முழு நாடுகள். சோழர் காலத்தில் அது சில பல ஊர்கள் சேர்ந்த சிறு வேளாண் வட்டாரம். காட்டுக்கு எதிர்ச்சொல்லாக நாடு நின்றது. வரலாற்றாசிரியர் எ. சுப்பராயலு சோழ நாட்டின் அரசியல் புவியியல் பற்றி 1973இல் வெளியிட்ட ஆய்வில், சோழ மண்டலத்தில் ஏறத்தாழ 140 நாடுகளைக் கல்வெட்டுகளின் துணையோடு அடையாளம் கண்டு படமிட்டார். இந்த நாடுகள் அரசர் கோடு போட்டு உண்டாக்கியவை அல்ல, உழவர் குடியிருப்புகள் தாமாகத் திரண்டவை என்பது அவர் ஆய்வின் சாரம். இன்னம்பர் நாடு, திருவழுந்தூர் நாடு என்று பெரும்பாலும் முதன்மை ஊரின் பெயரையே நாடு தாங்கியது. நாட்டார் கூடிப் பேசினார்கள், வரியைப் பொறுப்பேற்றார்கள், கோயிலுக்குக் கொடை கொடுத்தார்கள்.

முதலாம் ராஜராஜன் இந்த நாடுகளுக்கு மேல் வளநாடு என்ற அடுக்கை வைத்தார். ஆறுகளும் வாய்க்கால்களும் அவற்றுக்கு எல்லையாயின. க்ஷத்திரியசிகாமணி வளநாடு, பாண்டிகுலாசனி வளநாடு என்று அரசனின் விருதுப்பெயர்கள் ஏறின. பின்வந்த அரசர்கள் தங்கள் விருதுகளைச் சூட்டிப் பெயர்களை மாற்றினார்கள். மேலே இருந்த வளநாட்டின் பெயர் மாறியது, கீழே இருந்த நாட்டின் பெயர் நின்றது. இதைப் படிக்கும்போது எனக்குக் கூலாய் நினைவுக்கு வரும். ஜோகூர் பாரு மாவட்டத்தின் கீழ் துணை மாவட்டமாக இருந்த கூலாய், 2008இல் தனி மாவட்டமாகிக் கூலாய்ஜெயா என்று பெயர் பெற்றது. 2015இல் மீண்டும் கூலாய் ஆனது. மாவட்டத்தின் பெயர் ஏழாண்டுக்குள் இருமுறை மாறியபோதும், அதற்குள் இருந்த செடெனாக் முக்கிம் செடெனாக்காகவே இருந்தது. கீழ்ப்படியில் உள்ள பெயர் மக்களின் வாயில் இருப்பதால், அதை மாற்றுவது எளிதாக இருப்பதில்லை.

ஆனால் செடெனாக்கில் இப்போது நடப்பது பெயர் மாற்றத்தைவிடப் பெரியது. ஜோகூர் மாநிலக் கழகத்தின் செம்பனை நிலங்களில் செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா எழுந்திருக்கிறது. உலக நிறுவனங்களின் தரவு மையங்கள் அங்கே வந்துவிட்டன. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தில் செடெனாக் முதன்மைப் பகுதிகளுள் ஒன்று. முக்கிமின் மேல் இப்போது மண்டலம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மண்டலத்தின் கணக்கில் மின்சாரம், தண்ணீர், முதலீடு ஆகியவை உண்டு. அங்கே குடியிருப்பவரை எண்ணுவதற்கு அதில் தனிப் பத்தி கிடையாது. வளர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை கிடைக்கட்டும், பிள்ளைகள் படித்துப் போகட்டும். ஆனால் ஒரு தோட்டம் பூங்காவாகும்போது டிவிஷன்களின் பெயர்கள் ஒரே நாளில் பொருளற்றுப் போகின்றன. அவை எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால், பிறகு தேடினாலும் கிடைக்காது.

இதில் நம் ஆய்வுலகின் குறை ஒன்றுண்டு. ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ 1946இல் வந்து, தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களை மக்கள் விரும்பிப் படிக்கும்படி செய்தது. மலாயாவில் எஸ். துரைராஜசிங்கம் அதற்கு முன்பே, 1939இல், மலாயா ஊர்ப்பெயர்கள் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். இலங்கைத் தமிழர் ஒருவர் அவ்வளவு காலத்துக்கு முன்பே இந்தத் துறையில் கால் வைத்தது நமக்குப் பெருமை. ஆனால் தோட்டத்துக்குள்ளே தமிழர் வைத்த டிவிஷன் பெயர், பீல்டுப் பெயர், கோயில் மேட்டின் பெயர், ஓடையின் பெயர் ஆகியவற்றை முக்கிம் வாரியாகத் தொகுத்த நூல் இன்னும் நம் கைக்கு வரவில்லை. தோட்டத்து நாவல்களிலும் சிறுகதைகளிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. கதைகளில் இருப்பதை நிலப்படத்தில் ஏற்றுவது வேறு வேலை, அது யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

அதைச் செய்யப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. கூலாய், செடெனாக், லாயாங்-லாயாங், ரெங்கம் வட்டாரத்தில் தோட்டக் கோயில் நிர்வாகத்திலோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்திலோ இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கோயிலும் பள்ளியும் இடுகாடும் எந்த மாவட்டத்தில், எந்த முக்கிமில், எந்த லாட்டில் நிற்கின்றன என்று நில அலுவலகத்தில் தேடுதல் விண்ணப்பம் போட்டு எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளின் கீழேயே, அந்த இடத்தைப் பெரியவர்கள் எந்தப் பெயரில் அழைத்தார்கள், எந்த டிவிஷன், எந்த லயம், எத்தனை குடும்பம் இருந்தது என்பதைத் தமிழில் எழுதிச் சேருங்கள். பால் மரம் சீவிய கடைசித் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. இந்த ஆண்டே கேளுங்கள்.